கடலுக்குக் குடித்தனம் போறியாக்கும்!

பாய்க்கப்பல்ல ஏறிக் குடியிருக்கப் போறியாமே தாயி? நல்லா போ. யாரு வேண்டாம்னா? ஆனா நீ காட்டுன சாமான் பட்டியலைத்தான் தாங்க முடியல. நங்கூரப் படம் போட்ட தலகாணி. ரொட்டி சுடுத மிசினு. காத்துல இருக்க ஈரத்தை உறிஞ்சுத மிசினு. காலு நீண்ட ஒயின் கிளாசு. வாசனை மெழுகுத்திரி வேறயா? அந்தக் கிளாசு நிக்கணும்னா கடல் ஆடாம இருக்கணுமே, அதுகிட்ட யாரு போயி சொல்லுதது?

தூத்துக்குடித் தோணியில கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயமும் அரிசியும் ஏத்திக்கிட்டுப் போன கெழவன் நான். எங்க தோணியில பொம்பளை ஏறுனதே கெடையாது. பெறவு பொம்பளைக்குப் புத்தி சொல்ல ஒனக்கு என்ன யோக்கியதைன்னு கேப்ப. உப்புக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமாளா? அது எல்லாரையும் ஒண்ணாத்தான் அரிக்கும்.

நீ போற படகு 35 அடின்னு சொன்ன. உள்ள எறங்குனா நம்ம அடுப்பங்கரை அளவுதான் எடம். கொண்டு போற சாமான் ஒவ்வொண்ணுக்கும் ஒரு மூலை வேணும். அங்க அதைக் கட்டி வைக்கணும். துருவேறாம தொடைக்கணும். காத்து பலமா அடிச்சா படகு நாள்க்கணக்கா ஒருபக்கமாச் சாஞ்சேதான் ஓடும். கட்டாம வச்சதெல்லாம் அப்ப ஒன் தலைக்குத்தான் வரும். ரொட்டி மிசினு தலையில விழுந்தா ரொட்டி இனிக்குமா?

சவுகரியம் சவுகரியம்னு சொல்லுதியே, கடல்ல சவுகரியம்னா என்ன? காஞ்ச துணி, காஞ்ச படுக்கை. மத்ததெல்லாம் கடைக்காரன் விடுத கதை. கடத்தண்ணியில தொவைச்ச துணி வெயில்ல மொறுமொறுன்னு காயும். காஞ்சிட்டுன்னு நீயும் மடிச்சு வைப்ப. ராத்திரி தொட்டுப் பாரு, பிசுபிசுங்கும். துணியில தங்குன உப்பு காத்துல இருக்க ஈரத்தை இழுத்துக்கிடும். மழைக்காலத்துல நம்ம வீட்டு உப்புச்சாடி கசியுதுல்லா, அதே சங்கதிதான். கடத்தண்ணியில எவ்வளவு வேணும்னாலும் கும்மு. கடைசியா ஒரு வாட்டி நல்ல தண்ணியில அலசிரு. நல்ல தண்ணிக்கு மொடையா? மேல ஒரு தார்ப்பாயை விரிச்சு மழைத்தண்ணியைப் பிடி. முத மழை உப்பைக் கழுவட்டும், அடுத்ததை வாளியில ஏந்து.

பெரிய பூத்துவாலை எதுக்கு எடுத்து வச்சிருக்க? அது ஒரு தடவை நனைஞ்சா நாலு நாளைக்கு நாறும். ஈரிழைத்துண்டு ரெண்டு போதும். கட்டுததுக்குச் சாரம் ரெண்டு. உப்புல நனைஞ்ச உடுப்போட மணிக்கணக்கா உக்காந்தா உக்காருத எடத்துல கொப்புளம் போடும். அந்த எடத்தை வெளிய காட்டவும் முடியாது, உக்காராம இருக்கவும் முடியாது. கீழ எறங்குன ஒடனே நல்ல தண்ணியில துணியை நனைச்சு மேலெல்லாம் தொடைச்சுரு. அதுக்கு ஒரு செம்புத் தண்ணி காணும்.

சோப்பு வாங்கத் துட்டை இறைச்சிராத. சாதாச் சோப்பு உப்புத் தண்ணியில நுரைக்காது, திரிஞ்சு போவும். தேங்காண்ணெய்ச் சோப்பு நுரைக்கும். வெள்ளைக்காரன் கப்பல்காரனுக்குன்னு வித்த கடல் சோப்பும் தேங்காண்ணெயில செஞ்சதுதான். நீ என்னமோ சீமையில இருந்து வரவழைக்கணும்ங்க!

மெத்தைக்கு அடியில காத்து போவ வழி வை. பலகை மேல அப்பிடியே போட்டா மனுசச் சூட்டுக்கும் கடல் குளிருக்கும் அடியில வேர்த்து, பூசணம் பூத்துரும். ரீப்பர்க் கட்டையை எடவெளி விட்டு அடிச்சு அதுக்கு மேல மெத்தையைப் போடு. அலமாரிக் கதவுல துளை போடு. அப்பப்ப எல்லாத்தையும் தெறந்து வெயில் காட்டு. இதுக்கா மிசினு?

படுக்கைன்னதும் ஞாவகம் வருது. முன்பக்கத்து அறையைப் பாத்துட்டு ராணி கட்டில்னு மயங்குனியாமே. தொறைமுகத்துல அது ராணி கட்டில்தான். கடல்ல எறங்குனா அலை ஒன்னைத் தூக்கி முகட்டுல அடிக்கும். படகுக்கு நடுவுலதான் ஆட்டம் கொறைச்சல், அங்க படு. பக்கத்துல கெட்டித்துணி ஒண்ணை இழுத்துக் கட்டிக்கோ. உருண்டு விழாம ஒறங்கலாம்.

சமையலுக்கு வா. படகு சாஞ்சாலும் நிமிந்தே நிக்குத தொங்கல் அடுப்பு இருக்கும். இருந்தாலும் குக்கரை எடு. மூடி பூட்டிக்கிடும், சரிஞ்சாலும் கொழம்பு கொட்டாது, கேசும் மிச்சம். அலை இருக்கப்ப அடுப்பு முன்னால நின்னா மழைக்குப் போடுத ரப்பர்க் காச்சட்டையைப் போட்டுக்கோ. ஃபேசன் இல்லதான், ஆனா கொதிதண்ணி தொடையில விழுந்தா ஃபேசனா பாத்துக்கிட்டு இருப்ப? சமைச்சு முடிஞ்சா சிலிண்டர்கிட்டயே வால்வை அடைச்சுரு. நம்ம அடுப்புக் கேசு காத்தைவிடக் கனம். கசிஞ்சா வெளிய போவாம படகோட அடிப்பள்ளத்துல போயித் தங்கும். பெறவு ஒரு பொறி போதும். வேடிக்கைப் பேச்செல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும், இந்த ஒண்ணுல வெளையாடாத.

அட்டைப்பெட்டி எதையும் படகுல ஏத்தாத. அட்டை மடிப்புக்குள்ள கரப்பான் முட்டை இருக்கும். கரையிலயே பிரிச்சுப் போட்டுட்டு சாமானை மட்டும் ஏத்து. டப்பாவுல ஒட்டுன காகிதத்தையும் உரிச்சுட்டு என்ன டப்பான்னு மேல எழுதிரு. நனைஞ்ச காகிதம் பிஞ்சு போயி தண்ணி எறைக்குத பம்பை அடைக்கும். முட்டையைக் கழுவாம வாங்கு, மேல எண்ணெய் தடவு, ரெண்டு நாளைக்கு ஒருக்கா பொரட்டி வை. பிரிட்ஜு இல்லாமலே பல வாரம் நிக்கும். முட்டைக்கோசும் பூசணிக்காயும் தாங்கும். உருளைக்கெழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில போட்டா ரெண்டும் சீக்கிரம் கெட்டுரும்.

முடியை அவுத்து விட்டுக்கிட்டு மேல்தட்டுல நிக்காத. போட்டாவுல நல்லா இருக்கும். பாய்க்கயிறை இறுக்குத வின்ச்சுல முடி மாட்டுனா போட்டா எடுக்க ஆளு இருக்காது. பின்னித் தூக்கிக் கட்டிக்கோ. மோதரத்தையும் கழட்டி வச்சுரு. கயிறு மோதரத்துல மாட்டி இழுத்தா வெரலும் சேந்துதான் போவும்.

அடுத்த சங்கதியை நான் சொல்லப்பிடாது. ஒங்க ஆச்சி கதவுக்குப் பின்னால நின்னு எடுத்துக் குடுக்கா, நான் வாயை மட்டும் அசைக்கேன். படகுக் கக்கூசுக் குழாய் ஒண்ணரை இஞ்சிதான். நீ தின்னு செமிச்சது மட்டும்தான் அதுல போவணும். மாசத்துக்குப் போடுத பஞ்சு, ஈரக் காகிதம், தலைமுடி எதுவும் கூடாது. அடைச்சா யாரு கழட்டுவா? அடைச்சவதான் கழட்டணும், அதான் கப்பல் சட்டம். மாசத்துக்குக் கப்பு வசதிங்காளாம் இந்தக் காலத்துப் புள்ளைய. கழுவித் திரும்ப வச்சுக்கிடலாம், குப்பையும் சேராது. ஆனா கரையில இருக்கப்பவே பழகிரணுமாம். இன்னொண்ணு. கக்கூசுக்குப் போறது கஷ்டம்னு தண்ணி குடிக்காம இருந்துராத. அடக்கிட்டு இருந்தா நீர்க்கடுப்பு வரும். நடுக்கடல்ல வைத்தியரை எங்க போயித் தேடுவ?

இப்பிடி எல்லாம் இருக்க முடியுமா தாத்தான்னு முழிக்காத. லின் பார்டின்னு ஒரு பொம்பளை. புருசன் லாரியோட 24 அடிப் படகுல ஒலகம் சுத்துனா. இஞ்சின் கெடையாது. கக்கூசுக்குக் குழாயும் கெடையாது, வாளிதான். கப்பல்ல ஆளுகளுக்கு எப்பிடிச் சோறு போடுததுன்னு ஒரு புஸ்தவமே எழுதிட்டா. நம்ம கடற்படைப் புள்ளைய ஆறு பேரு 2017-ல கோவாவுல இருந்து ‘தாரிணி’ங்க பாய்ப்படகுல ஒலகம் சுத்தப் பொறப்பட்டு, 254 நாள் கழிச்சுத் திரும்புனாவ. பெறவு 2024-ல அதே படகுல ரெண்டே பேரு. தில்னா கேரளத்துக்காரி, ரூபா நம்ம புதுச்சேரிக்காரி. அக்டோபர் 2-ல போயி, அடுத்த வருசம் மே 29-ல உலகத்தைச் சுத்திட்டு வந்து சேந்தாவ. கடல் கொந்தளிக்குத தெக்குக் கோடியில எல்லாம் போயிருக்காவ. அங்க நங்கூரத் தலகாணியைத் தேடிக்கிட்டா இருந்திருப்பாவ?

சரி, தலகாணி ஒண்ணு வேணா வச்சுக்கோ. சின்னப்புள்ள ஆசைப்படுத. மத்ததை வீட்டுலயே போட்டுட்டுப் போ. மறக்காம குக்கருக்கு கேஸ்கட்டு ரெண்டு கூடுதலா எடுத்து வை. நீ போற தீவுக் கடையில ஒயின் கிளாசு கெடைக்கும். நம்ம குக்கருக்கு கேஸ்கட்டு கெடைக்காது.