திப்புவின் வாள், காந்தியின் செருப்பு, மல்லையாவின் பீர்

திப்பு சுல்தானையும் காந்தியையும் ஒரே பந்தியில் உட்காரவைப்பது கஷ்டம். அவருக்குப் புலி, இவருக்கு ஆடு. ஆனால் குடி என்றால் இரண்டு பேருக்குமே ஆகாது. திப்பு மைசூரில் சாராயத்தை ஒழிக்கப் பார்த்தவர்; காந்தியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அப்பேர்ப்பட்ட இருவருடைய தட்டுமுட்டுச் சாமான்களையும் தேடித் தேடி ஏலம் எடுத்தவர் யார் தெரியுமா? பீர் வியாபாரி விஜய் மல்லையா!

அப்பா விட்டல் மல்லையா 1983-இல் காலமானபோது பிள்ளைக்கு 28 வயதுகூட ஆகவில்லை. அப்பா சத்தம் போடாமல் சம்பாதித்தவர். பிள்ளையோ சத்தத்தையே தொழிலாக்கிவிட்டார். மது விளம்பரத்துக்குத் தடையா? மும்பை டெர்பிக்கு மெக்டவல் என்று பெயர் வை. கிரிக்கெட் அணிக்கு விஸ்கியின் பெயரை வை. விமானத்துக்குப் பீரின் பெயரை வை. சட்டம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

குதிரை என்றால் அவருக்கு உயிர். பெங்களூருக்குப் பக்கத்திலிருக்கும் குணிகல் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தார். திப்பு தன் படைக்குக் குதிரை வளர்த்த இடம் அது. வெள்ளைக்காரனை விரட்டக் குதிரை வளர்த்த மண்ணில், வெள்ளைக்காரன் பழக்கிவிட்டுப்போன பந்தயத்துக்குக் குதிரைகள் தயாராயின. குதிரை வந்தாயிற்று, வாள் வேண்டாமா? 2003-இல் லண்டன் ஏலத்தில் திப்புவின் வாளையும் வாங்கினார். மறுவருடமே கர்நாடகத் தேர்தல். ஜனதா கட்சிக்கு அவர்தான் சேனாதிபதி. திப்புவின் வாள் கைவசம் இருந்தும் ஒரு தொகுதிகூட விழவில்லை. ஜனங்கள் கைவிட்டால் என்ன, எம்.எல்.ஏ.க்கள் தங்கமானவர்கள்: 2002-இலும் 2010-இலும் ராஜ்யசபாவுக்கு அனுப்பிவைத்தார்கள்.

2009-இல் நியூயார்க்கில் காந்தியின் மூக்குக்கண்ணாடி, செருப்பு, கடிகாரம், தட்டு, கிண்ணம் எல்லாமாக 18 லட்சம் டாலர். கிழவர் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார். மல்லையாவுக்கோ, 2005-இல் பறக்கத் தொடங்கிய அவருடைய கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் ஒரு வருடம்கூட லாபத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. காலணா செலவுக்கும் கணக்கு எழுதியவரின் கண்ணாடியாயிற்றே, அதை மாட்டிக்கொண்டு ஒருமுறை பேரேட்டைப் புரட்டியிருக்கலாம். புரட்டவில்லை. 2012-இல் விமானங்கள் நின்றன. சம்பளம் வராமல் ஊழியர்கள் நின்றார்கள். வட்டியோடு 9,000 கோடியைக் கேட்டு 17 வங்கிகள் வரிசையில் நின்றன.

வாளுக்கு ராசியில்லை என்று வீட்டில் சொன்னார்களாம். 2016-இலேயே யாருக்கோ கொடுத்துவிட்டதாக லண்டன் நீதிமன்றத்தில் பின்னால் தெரிவித்தார். வாங்கிக்கொண்ட புண்ணியவான் எப்படி இருக்கிறாரோ.

2016 மார்ச் 2-ஆம் தேதி டெல்லியிலிருந்து லண்டனுக்கு விமானம் ஏறினார். ஓடிப்போகவில்லை என்பது இன்றுவரை அவர் கட்சி. சொந்த விமானம்தான் படுத்துவிட்டதே, ஜெட் ஏர்வேஸில் போனார். பெட்டிக்குள் அந்த வாளும் இருந்திருக்கும் என்றே எனக்குச் சந்தேகம்: 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும் படுத்துவிட்டது.