ரொட்டிக்குள் ஒரு விருந்துச் செலவு

கேள்வி: மெக்சிகோக்காரர்களுக்கு வருடம் முழுக்கத் திருவிழாதானா?

பதில்: ஏறக்குறைய அப்படித்தான். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள். அன்று வெட்டப்படும் வளைய வடிவ ரொட்டிக்குள் குழந்தை இயேசுவின் குட்டிப் பொம்மை ஒளிந்திருக்கும். அது யார் துண்டில் அகப்படுகிறதோ, பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் ‘தமால்’ விருந்து வைப்பது அவர் பொறுப்பு. மக்காச்சோள மாவைச் சோளத் தோகையிலோ வாழையிலையிலோ பொதிந்து ஆவியில் வேகவைக்கும் பண்டம் அது. அதிர்ஷ்டம் என்று சொல்லியே செலவைத் தலையில் கட்டும் சாமர்த்தியம்!

மே 5, புவெப்லா நகரில் 1862இல் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த நாள். அதற்கு மெக்சிகோவைவிட அமெரிக்காவில்தான் ஆர்ப்பாட்டம் அதிகம். சுதந்திர தினம் செப்டம்பர் 16. 1810இல் மிகேல் இதால்கோ என்ற பாதிரியார் கோயில் மணியடித்துக் கிளர்ச்சியைத் தொடங்கிவைத்தார். அதன் நினைவாக ஆண்டுதோறும் முந்தைய இரவே நாட்டின் ஜனாதிபதி, மாளிகை மாடத்தில் நின்று மணியடித்து முழக்கமிடுகிறார்.

நவம்பர் 1, 2 இறந்தோர் நாட்கள். முதல் நாள் குழந்தைகளுக்கு, மறுநாள் பெரியவர்களுக்கு. படையலில் பிடித்த உணவு, மெழுகுவர்த்தி, சர்க்கரை மண்டையோடு, குவியலாகத் துலுக்கச் சாமந்தி. நம்மூர் மாலைகளில் கோக்கும் அந்தப் பூவுக்குப் பிறந்த வீடே மெக்சிகோதான். தலைநகரின் பிரம்மாண்ட ஊர்வலம் மட்டும் புதுசு: 2015இல் ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காகக் கற்பனை செய்தது, 2016 முதல் நிஜமாகிவிட்டது.

டிசம்பர் 23 அன்று வாஹாகா நகரில் முள்ளங்கியில் சிற்பம் செதுக்கும் போட்டி, 1897 முதல் நடக்கிறது. சாம்பாருக்கு ஆகாத அளவுக்குப் பெரிய முள்ளங்கி!