வரிசை தப்பிய பட்டதாரி

நம் அரசாங்கத்துக்குக் கணக்கு என்றால் உயிர். அதிலும் படிப்புக் கணக்கான 10+2+3. கூட்டினால் 15 என்று நீங்களும் நானும் சொல்லிவிடுவோம். அரசு கூட்டாது, வரிசையாக நிற்கிறதா என்று மட்டும் பார்க்கும்.

2002இல் இதே தமிழ்நாடு அரசு சட்டம் இயற்றித் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கும் படிப்பு உண்டு என்பதுதான் திறந்தநிலையின் பெருமையே. நம்பி வந்தார்கள். பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்தவர்களும், பத்தாவதோடு நின்றுபோன அலுவலக உதவியாளர்களும் விடுமுறை நாள் வகுப்பில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பாஸும் செய்து தொலைத்தார்கள்.

அதுதான் பொறுக்கவில்லை. 2009 ஆகஸ்ட் 18, அரசாணை எண் 107. பத்து, ப்ளஸ் டூ, அதற்குப் பிறகு பட்டம் என்று படியேறி வந்தவருக்கே அரசு வேலையும் பதவி உயர்வும். மற்றவர்கள் பட்டத்தைக் கண்ணாடி போட்டு மாட்டிக்கொள்ளலாம். கள்ளநோட்டு அடிக்கிறவன்கூடத் தான் அடித்த நோட்டைப் பிடித்துக்கொண்டு, “இது செல்லாது” என்று ஊரைக் கூட்டமாட்டான்.

சான்றிதழ் சரிபார்ப்பு மேசைக்குப் போய்ப் பாருங்கள். எதிரே நாற்பதை நெருங்கும் ஒரு பெண். பிளாஸ்டிக் ஃபைலில் ஒரிஜினல்கள், பச்சை மைக் கையெழுத்து வாங்கிய ஜெராக்ஸ்கள்.

“ப்ளஸ் டூ எங்கம்மா?”

“டிகிரி இருக்கு சார்.”

“அது கெடக்கட்டும். ப்ளஸ் டூ?”

“அப்புறமா தனித்தேர்வா எழுதிட்டேன் சார்.”

அதிகாரி தேதியைப் பார்க்கிறார். “வரிசை மாறிப்போச்சேம்மா.”

படித்ததையெல்லாம் வாந்தியெடுத்துவிட்டு வரிசைப்படி மறுபடி விழுங்க வேண்டும் போலிருக்கிறது. பதினைந்து வயதில் இவளை வேலைக்குத் துரத்திய வறுமை, எந்த அரசாணையைப் பார்த்து வந்தது?

2022இல் கல்லூரி போகும் பெண்களுக்காக ‘புதுமைப் பெண்’ திட்டம் வந்தது. மாதம் 1000 ரூபாய். நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் தொலைநிலையில் படிப்பவளுக்குக் கிடையாது. அவள் பழைய பெண். பகலில் வேலைக்குப் போய் இரவில் படிக்கிறவளுக்குப் பணம் எதற்கு, அவள்தான் சம்பாதிக்கிறாளே!

இந்த ஆணைகளைப் போடும் துறைகளை ஆளும் அமைச்சருக்கோ, அரசியல் சட்டப்படி பத்தும் வேண்டாம், இரண்டும் வேண்டாம், மூன்றும் வேண்டாம். வரிசையெல்லாம் குமாஸ்தாவுக்கு.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த வரிசை தப்பிய பட்டதாரிகள் படிக்கக் கட்டிய கட்டணத்தில் மட்டும் எந்த வரிசைப் பிழையும் கண்டுபிடிக்கப்படவில்லை. அந்த ரசீதுகள் எல்லாம் செல்லும்.