செர்ட்-இன் அலுவலகத்துக்கு ஒரு மனிதத் தவறு எழுதும் கடிதம்

அனுப்புநர்:
பொதுமக்களில் ஒருவன்,
குத்தம்பாக்கம், பூந்தமல்லி வட்டம், திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்:
தலைமை இயக்குநர் அவர்கள்,
செர்ட்-இன் எனப்படும் இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழு, புதுதில்லி.

பொருள்: தவறு செய்தவர் யார் என்று தெரிவிக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் அனுப்பிய குறுஞ்செய்தி கிடைத்தது. என் போனில் வேண்டாதது ஏதாவது புகுந்திருக்கலாம், அதை நீக்கும் இலவசக் கருவியை இந்த முகவரியில் போய் இறக்கிக்கொள் என்று இந்திய அரசின் சார்பில் பரிந்துரைத்திருந்தீர்கள். உன் போனில் கோளாறு, இதை டவுன்லோடு செய் என்று யாராவது செய்தி அனுப்பினால் தொடவே தொடாதே என்று ஆண்டுக்கணக்கில் எங்களுக்குப் பாடம் எடுத்ததும் அரசுதான். எனவே தொடவில்லை. அரசின் பேச்சைக் கேட்டு அரசின் பேச்சை மீறியிருக்கிறேன். இது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியாததால்தான் இந்தக் கடிதம்.

கணக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. வெரைசன் நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் நடக்கும் தகவல் கசிவுகளில் சுமார் 60 விழுக்காட்டில் மனிதனின் கை இருக்கிறதாம். மேடையேறும் நிபுணர்களும் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்கே வருகிறார்கள்: இயந்திரம் நல்லது, ஆள்தான் சரியில்லை. அந்தச் சரியில்லாத ஆளைத் தாங்கள் நேரில் பார்க்க வேண்டுமானால் எங்கள் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு வரலாம்.

ஒரு ஆயா வருமானச் சான்றிதழ் கேட்டு வருகிறார். ஆன்லைனில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஓடிபி வர ஒரு போன் நம்பர் வேண்டும். நம்பர் மகனுடையது, மகன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டில் இருக்கிறான், போனை வாசலிலேயே வாங்கி லாக்கரில் வைத்துவிட்டார்கள். ஓடிபிக்கு ஆயுள் சில நிமிடம், ஷிப்டுக்கு எட்டு மணி நேரம். "என்னப்பா, அது சாயங்காலம் வரைக்கும் தாங்காதா?" என்கிறார் ஆயா. தாங்காது. கடைக்காரர் பெருமூச்சு விட்டுத் தன் நம்பரையே போட்டுவிடுகிறார். இப்படிப் போட்டுப் போட்டு இன்று பாதி ஊரின் ஓடிபி அவர் சட்டைப் பையில்தான் வந்து விழுகிறது. பாஸ்வேர்டுகள் ஒரு நாற்பது பக்க நோட்டில். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து வை, அதையும் அடிக்கடி மாற்று என்று கேட்டால், பள்ளிக்கூடம் போகாத ஆயா வேறு எங்கே வைப்பார்? நாளைக்கு அந்த நோட்டு தொலைந்தால் தங்கள் பதிவேட்டில் ‘மனிதத் தவறு’ என்று ஏறும். மனிதன் ஆயா. இல்லாவிட்டால் கடைக்காரர். அந்தத் திரையை வடிவமைத்தவர் மனிதக் கணக்கில் வருவதே இல்லை.

சரி, நாங்கள் விவரமில்லாதவர்கள். விவரமான இடங்களுக்குப் போவோம்.

கூடங்குளம் அணுமின் நிலையம். அங்கே ஒரு கணினியில் தீநிரல் இருப்பதைத் தாங்கள் 2019 செப்டம்பர் 4-ஆம் தேதியே அணுமின் கழகத்துக்குத் தெரிவித்துவிட்டீர்கள். பாராட்டுகிறேன். ஊருக்குத் தெரிந்தது அக்டோபர் கடைசியில், அதுவும் ட்விட்டரில் யாரோ சொல்லி. 29-ஆம் தேதி நிலையத்தின் அறிக்கை: எங்கள் கட்டுப்பாட்டு அமைப்பின் மீது சைபர் தாக்குதல் சாத்தியமே இல்லை. 30-ஆம் தேதி கழகத்தின் அறிக்கை: தீநிரல் இருந்தது உண்மைதான், ஆனால் அது நிர்வாக வேலைக்கான இணையத்தில் இணைந்திருந்த ஒரு பயனரின் கணினி, உலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரே இரவில் சாத்தியமில்லாதது ஒரு பயனர் ஆகிவிட்டது. அந்த ‘ஒரு பயனர்’ பாவம், எங்கள் ஆயாவுக்கு ஒன்றுவிட்ட உறவாகத்தான் இருக்க வேண்டும்.

2021-இல் தமிழ்நாட்டு ரேஷன் பட்டியலில் உள்ள சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள், ஆதார் எண் உட்பட, இணையத்தில் கிடக்கின்றன என்று பெங்களூரு நிறுவனம் ஒன்று கண்டு சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் தலைமைச் செயலகத்தின் பொதுத்துறையில் கோப்புகளை யாரோ பூட்டிவிட்டு, சாவிக்கு 1,950 டாலர் கேட்டார்கள். அன்றைய மதிப்பில் ஒன்றரை லட்சம் ரூபாய்கூட இல்லை. முக்கியப் பிரமுகர்களின் வருகைகளைக் கவனிக்கும் துறை, ஐயா! பூந்தமல்லி ஷோரூமில் நல்ல பைக் ஒன்று அந்த விலை. தாக்குதலைவிட, திருடன் போட்ட மதிப்பீடுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

செயற்கை நுண்ணறிவு வந்தால் எல்லாம் சீராகிவிடும் என்கிறார்கள். வந்ததே! தமிழகக் காவல்துறையிடம் முக அடையாளம் காணும் மென்பொருள் இருக்கிறது. சந்தேகத்துக்குரியவரின் முகத்தைக் காட்டினால் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டு இன்னார் என்று சொல்லிவிடும். 2024 மே மாதம் அதன் இணையதளத்துக்குள் வெளியாள் ஒருவர் நுழைந்துவிட்டார். உடைத்துக்கொண்டு அல்ல, நிர்வாகக் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டைக் கொடுத்து, வாசல் வழியாக. முகம் பார்த்து ஆளைச் சொல்லும் அந்த மகா அறிவாளிக்குத் தன் வாசலில் நிற்பவர் காவலரா வெளியாளா என்று தெரியவில்லை. அதன்மேல் குற்றமில்லை; முகத்தைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை, பாஸ்வேர்டைத்தானே கேட்டார்கள்.

அறிவு திருடனுக்கும் வந்திருக்கிறது என்பதுதான் எங்களுக்கு இப்போதைய தலைவலி. முன்பெல்லாம் அவன் தமிழே எங்களைக் காப்பாற்றியது. ‘அன்பான நுகர்வோர் உங்கள் மின்சாரம் இன்று இரவு 9.30 துண்டிக்கப்படும் ஏனென்றால்’ என்று வரும். முதல் வரியிலேயே சிரித்துவிட்டு அழித்துவிடுவோம். திருடனின் எழுத்துப்பிழைக்கு உலக மரியாதையே உண்டு. 2016-இல் வங்கதேச மத்திய வங்கிப் பணத்தை அள்ளிய கூட்டம், இலங்கை அமைப்பு ஒன்றுக்கு 2 கோடி டாலர் அனுப்பும்போது ‘ஃபவுண்டேஷன்’ என்பதைத் தப்பாக எழுதி அந்தப் பணத்தைக் கோட்டைவிட்டது. ஒரு எழுத்துப்பிழையால் 2 கோடி டாலர் மிச்சம்! இன்று அந்தப் பிழையைத் திருத்திக் கொடுக்க இயந்திரம் வந்துவிட்டது. வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகுந்து, ‘தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி’ என்று பணிவாக முடிகிறது மோசடிச் செய்தி. ஆகவே எங்கள் ஊர் விதியை மாற்றிக்கொண்டோம்: தமிழ் சுத்தமாக இருந்தால் திருடன், பிழை மலிந்திருந்தால் அரசாங்கம். இதுவரை பெரிதாகத் தவறவில்லை. எங்கள் ஊர்ப் பேருந்து முனையம் சொன்ன தேதியில் திறக்கும் என்று செய்தி வந்தபோது மட்டும், தமிழைப் பார்க்காமலே மோசடி என்று முடிவு செய்தோம்.

எழுத்து போகட்டும், முகமே வருகிறது. 2024-இல் ஹாங்காங்கில் ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், காணொலிக் கூட்டத்தில் தலைமை நிதி அதிகாரி சொன்னாரென்று 15 தவணையில் 200 கோடி ரூபாய்க்கு மேல் அனுப்பிவிட்டார். கூட்டத்தில் அவரைத் தவிர மற்ற முகமெல்லாம் கணினி செய்தது. ஒரே நிஜ மனிதர் அவர்தான். எனவே ‘மனிதத் தவறு’ அவருடையதுதான் என்று உலகம் தீர்ப்பு எழுதிவிட்டது. மேலதிகாரியை எதிர்த்துக் கேள்வி கேட்டால் வேலை இருக்குமா என்று அவர் ஒரு நொடி யோசித்திருப்பார் அல்லவா, அதை யாரும் எழுதவில்லை.

தங்கள் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி, எங்காவது கசிந்தால் நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் தங்களிடம் சொல்லியாக வேண்டும். நல்ல உத்தரவு. தாங்கள் எங்களிடம் எத்தனை மணி நேரத்தில் சொல்வீர்கள் என்று அதில் தேடினேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம் என்று பார்த்தால், 2023 நவம்பரிலேயே தங்களை அந்தச் சட்டத்தின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நாட்டிலேயே உருப்படியாகப் பூட்டப்பட்ட கதவு அது ஒன்றுதான் போலும். எவனாலும் திறக்க முடியவில்லை.

ஆகவே ஒரு விண்ணப்பம். எங்கள் ஊருக்கு வாருங்கள். 1996 முதல் பத்தாண்டுகள் இளங்கோ ஊராட்சித் தலைவராக இருந்தபோது கிராம சபையை வைத்தே பெயர் வாங்கிய ஊர் இது. அந்தச் சபையில் வரவு செலவைப் படித்துக் காட்ட வேண்டும். தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம். ‘ஒரு பயனர்’ என்று பதில் சொன்னால் விடமாட்டார்கள். கூடங்குளத்துக் கணினி யாருடையது என்று நாங்கள் கேட்கப் போவதில்லை. அதை அந்த இணையத்தில் இணைக்கலாம் என்று கோப்பில் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்போம். ரேஷன் பட்டியலையும் அப்படியே.

கூட்டம் வழக்கமாக அக்டோபர் 2 அன்றும் உண்டு, காலை 11 மணிக்கு. தங்களுக்குப் பதிலாகச் செயற்கை நுண்ணறிவை அனுப்பிவைக்க வேண்டாம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குத்தம்பாக்கத்தான்