விதைக்குப் போன மனுசன்

ஏய்யா பேராண்டி, உங்க மேனேஜரை 'கான் டு சீட்'னு, அதான் விதைக்குப் போன ஆளுன்னு, இங்கிலீசுல சொன்னியாமே? அந்தாளு ஒரு காலத்துல நல்லா இருந்தவரா? இல்லேங்கிறே. அப்ப அந்தப் பட்டத்துக்கு அவருக்கு யோக்கியதையே இல்ல. இருந்து கெட்டவங்களுக்குன்னு வச்சிருக்கிற சொல்லு அது. பந்தயத்துல ஜெயிச்சுட்டு, இப்ப தொந்தி தள்ளிச் சவரத்தை மறந்து கிடக்கிறானே, அந்த ஓட்டக்காரனைச் சொல்லலாம். துரைமாரு தங்கிப் போய், இன்னிக்குச் சுவரு பேந்து நிக்குற ஓட்டலைச் சொல்லலாம். ராத்திரியோட ராத்திரியா கவுந்த கம்பெனிக்கு அது ஒட்டாது. கவனிக்க ஆளில்லாம மெல்ல மெல்லக் கெட்டிருக்கணும்.

வெள்ளைக்காரன் காய்கறிப் பாத்தியில முளைச்ச பேச்சுய்யா இது. ஜூன் மாசம் லண்டன்ல பகல் மட்டும் 16 மணி நேரத்துக்கு மேல. பகல் நீண்டாலே பாலக் கீரைக்குப் பூக்குற புத்தி வந்துரும். இலையும் தழையுமா கிடந்தது தண்டு விட்டு நிமிந்துக்கும். லெட்டூஸ் கசக்கும், முள்ளங்கி உள்ளே சக்கையாயிரும். சத்தெல்லாம் பூவுக்கும் விதைக்கும் போயிட்டா, சட்டியைக் கையில வச்சிக்கிட்டு நிக்கிறவனுக்கு என்ன மிச்சம்? அந்த வயித்தெரிச்சல்தான் வசவாச்சு. 1600ஐ ஒட்டி ஷேக்ஸ்பியர் எழுதின நாடகத்துல, அப்பன் செத்த மாசம் முடியறதுக்குள்ள ஆத்தா சித்தப்பனைக் கட்டிக்கிட்ட கடுப்புல, ஹாம்லெட் உலகத்தையே இப்படி ஒரு தோட்டமாக்கி ஏசுறான். அழுக்கு லாட்ஜை 'சீடி'ன்னு மூக்கைச் சுளிக்கிறாங்களே, அதுவும் இதே பாத்தியில வந்ததுதான்.

எனக்கு ஒண்ணுதான் இடிக்குது. விதை கட்டுறது செடிக்குக் கேடா? அதுக்குத்தானேய்யா அது முளைச்சுது! திங்கிறவனுக்கு நாசம், விதை விக்கிறவனுக்கு மகசூல். நெல்லு அந்த வேலையைப் பாக்கலேன்னா உன் தட்டுல சோறு ஏது? கொத்தமல்லி பூத்துப் போச்சேன்னு உங்க பாட்டி அழுதாளா? ரசத்துக்கு மல்லி ஆச்சுன்னு சொளகைத் தூக்கிட்டு வந்தா.

ஆனா ஒரு நிம்மதி. உன்னை எவனும் 'கான் டு சீட்'னு சொல்லிர முடியாது. அதுக்கு மொதல்ல தழைச்சிருக்கணும்லய்யா. காலேஜ் கபடி டீம்ல நீ தண்ணி பாட்டில் தூக்கின கதை எனக்குத் தெரியாதாக்கும்!