தோல் டாக்டருக்கு ராத்திரி போன் வராது

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மேற்படிப்புக்குத் தோல் பிரிவை எடுத்தபோது, கூடப் படித்தவர்கள் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்தார்கள். பொது மருத்துவம் கிடைக்காதவன், அறுவை சிகிச்சை கிடைக்காதவன், குழந்தை நலமும் கைநழுவிப் போனவன் கடைசியாக ஒதுங்குகிற இடம் அது. துறையின் முழுப்பெயர் 'தோல் மற்றும் பால்வினை நோய்'. பெண் பார்க்கப் போன வீட்டில் என் மாமா 'மற்றும்' வரைக்கும் கூடப் போகாமல் நிறுத்திக்கொண்டார். எங்களைத் தேற்றுவதற்கென்றே ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு உண்டு. தோல் டாக்டருக்கு ராத்திரி போன் வராது, நோயாளி சாகவும் மாட்டான், குணமாகவும் மாட்டான், காலம் முழுக்க பீஸ் வந்துகொண்டே இருக்கும்.

இன்று நீட் முதுநிலைத் தேர்வில் முதல் வரிசையில் தேறுகிறவர்கள் கதிரியலைப் போலவே தோலையும் விரும்பிக் கேட்கிறார்கள். அப்படி இடம் வாங்கிய ஒரு மாணவி என்னைப் பார்க்க வந்தாள். பெம்பிகஸ் என்ற கொப்புள நோய் பற்றி ஆர்வமாகப் பேச்செடுத்தேன். "அதெல்லாம் வார்டு கேஸ் சார். நான் லேசர் பண்ணப் போறேன்" என்றாள். துக்கம் விசாரிக்கிற முகம் இப்போது என்னிடம் இருந்திருக்க வேண்டும்.

நான் பிறந்தது தேவிகுளம் தாலுகாவில் ஒரு எஸ்டேட் லயத்தில். பிழைத்தது பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று தமிழும் மலையாளமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஊர்களில். இரண்டு இடமும் கேரளம்தான். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேர்வழியில் போக வேண்டுமானால் பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். மறையூரில் முகாம் முடித்துத் திரும்பும்போது செக்போஸ்ட்டில் என் பையைத் திறப்பார்கள். சின்னச் சின்ன பாட்டில்களில் ஏதோ மிதக்கும். "என்ன சாரே சரக்கு?" என்பார் காவலர். மனுசத் தோல் என்றதும் பை மூடிக்கொள்ளும். ஆராய்ச்சி என்றால் அன்றைக்கு அவ்வளவுதான். பென்சில் முனையளவுக்குத் தோலைத் துளைத்தெடுத்து, பார்மலினில் போட்டு, பஸ் ஏற்றி எங்கோ ஒரு பெரிய ஊருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பது. முடிவு வருவதற்குள் சில சமயம் நோயாளி போய்ச் சேர்ந்துவிடுவார்.

ஆம், சாவார்கள். அந்த வேடிக்கைப் பேச்சைச் சொன்னவர் பெம்பிகஸ் வார்டுக்குள் வந்ததில்லை.

தோலின் செல்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பது சில புரதங்களின் தயவில். டெஸ்மோக்ளீன் அவற்றில் ஒன்று. உடம்பின் காவல்படை ஏதோ கிறுக்கில் அந்தப் புரதத்தையே எதிரியாக நினைத்துத் தாக்கினால் பிடி விட்டுப்போகும். முதலில் வாயில் புண். வைட்டமின் மாத்திரையும் பல் டாக்டரும் மாதக் கணக்கில் ஆளைச் சுற்றவிடுவார்கள். பிறகு உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பி உடைந்து, வெந்தது போலச் சதை தெரியும். ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் ஓடுவதை 1964இல் அமெரிக்காவில் பியூட்னரும் ஜோர்டனும் கண்டுபிடித்துவிட்டார்கள். எங்களுக்கு அது புத்தகத்தில் ஒரு பத்தி. கையில் இருந்தது ஸ்டீராய்டு மாத்திரை ஒன்றுதான். கொஞ்சம் கொடுத்தால் நோய் கொல்லும், நிறையக் கொடுத்தால் மருந்து கொல்லும்.

கட்டில் விரிப்பு ரணத்தில் ஒட்டிக்கொள்ளும். காலையில் அதை உரிக்கும்போது வார்டே அலறலில் விழிக்கும். அங்கே ஆயாவாக இருந்த ஓர் அம்மா ஒருநாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "டாக்டரே, துணியப் போட்டா தோலோடதான் வரும். நான் வாழையிலை அறுத்துட்டு வரேன், நீங்க கண்டுக்காம இருங்க." கண்டுகொள்ளாமல் இருந்தேன். பாலக்காட்டில் வாழையிலைக்கா பஞ்சம்? குளிர்ச்சியாகவும் இருந்தது, ஒட்டவும் இல்லை. இப்போது ஒட்டாத கட்டுத்துணி என்று வெள்ளிக் காகிதத்தில் சுற்றி விற்கிறார்கள். ஓர் ஆளின் முதுகை மூடுவதற்கு ஆகும் செலவில் ஒரு கல்யாணப் பந்திக்கே இலை போடலாம். வாழையிலையின் மகிமையைப் பற்றி மருத்துவ இதழ்களில் கட்டுரைகளும் வந்துவிட்டன. அந்த அம்மாவின் பெயர் எதிலும் இல்லை.

எங்களைக் காப்பாற்றியவர் டெல்லி எய்ம்ஸில் இருந்த பாஸ்ரிச்சா. 1984இல் அவரும் குப்தாவும் ஒரு முறையை எழுதினார்கள். குளுக்கோஸ் பாட்டிலில் 100 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் கலந்து தொடர்ந்து மூன்று நாள் ஏற்ற வேண்டும். அதில் ஒரு நாள் 500 மில்லிகிராம் சைக்ளோபாஸ்பமைடு சேர்க்க வேண்டும். 28 நாள் கழித்து மறுபடியும். இடையில் தினம் ஒரு சின்ன மாத்திரை. இந்தக் கணக்கை முதலில் படித்தபோது கை நடுங்கியது. வெளிநாட்டுப் பெரியவர்கள் ஒப்பீட்டு ஆய்வு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டது நியாயம்தான். எங்கள் நோயாளிகள் அதற்குள் எழுந்து, குளித்து, பஸ் ஏறிக் கொழுந்து பறிக்கப் போய்விட்டார்கள். அவர்களைத் திருப்பிக் கூப்பிட்டுப் பாதிப் பேருக்கு வெறும் குளுக்கோஸ் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. ஆகையால் உலகப் புகழும் வரவில்லை.

பக்கத்துத் திருச்சூர் மாவட்டத்தில் இந்த நோய் எத்தனை பேருக்கு வருகிறது என்று எண்ணி 2008இல் ஓர் ஆய்வு வெளியானது. பத்து லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 4.4 பேர். நான் பரவசமாக வீட்டில் படித்துக் காட்டினேன். "அந்தப் புள்ளி நாலு ஆளு யாருங்க?" என்றாள் மனைவி. இத்தனை வருடத்தில் என் ஆராய்ச்சி பற்றி வீட்டில் எழுந்த ஒரே கேள்வி அது.

இன்று ரிட்டுக்சிமாப். 1997இல் ரத்தப் புற்றுநோய் வகையொன்றுக்காக வந்த மருந்து. ஹைதராபாத் கம்பெனி ஒன்று அதன் நகலை 2007இலேயே இந்தியாவில் இறக்கிவிட்டது. அமெரிக்கா பெம்பிகஸுக்கு அதை அங்கீகரித்தது 2018இல். இரண்டு ஊசியில் பலர் தேறிவிடுகிறார்கள். டெஸ்மோக்ளீன் பரிசோதனை முடிவு பஸ்ஸில் வருவதில்லை, வாட்ஸப்பில் வருகிறது. எனக்கு வருவதற்கு முன்பே நோயாளியின் துபாய் மருமகனுக்குப் போய், அவர் ஏதோ செயலியிடம் விளக்கம் கேட்டு, "மாமாவுக்கு டோஸ் பத்தாது டாக்டர்" என்று எனக்குப் புத்தி சொல்கிறார். பல நாள் அவர் சொல்வது சரியாகவே இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

அதே 2018இல்தான் ஆலிசனுக்கும் ஹோன்ஜோவுக்கும் நோபல். காவல்படையை அடக்குகிற எங்களுக்கு அவர்கள் செய்தது நேர் எதிர் வேலை. போடிமெட்டு இறக்கத்தில் லாரிக்கு பிரேக் எப்படியோ அப்படி நம் காவல்படைக்கும் பிரேக் உண்டு. புற்றுநோய் அந்த பிரேக்கை அழுத்திக்கொண்டு தப்பிக்கிறது. அதை விடுவித்தால் படை பாய்ந்து மெலனோமாவைத் தின்கிறது. பாய்ந்த வேகத்தில் சும்மா இருந்த தோலையும் கடிக்கிறது. கொப்புள நோய் வருகிறது, வெண்புள்ளி வருகிறது. நாங்கள் வாழ்நாளெல்லாம் எதை அடக்கப் போராடினோமோ, அதைப் பக்கத்து வார்டில் காசு கொடுத்து வரவழைக்கிறார்கள். அங்கே மெலனோமா நோயாளிக்கு வெண்புள்ளி கண்டால் மருந்து வேலை செய்கிறது என்று டாக்டர் முகம் மலர்கிறது. லயத்தில் என் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கழுத்தில் அப்படி ஒரு புள்ளி கண்டபோது மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பினார்கள்.

புற்றுநோய்ப் பக்கமும் கொஞ்சம் சிரிக்கலாம். நாங்கள் படித்த புத்தகங்களில் எல்லாப் படமும் வெள்ளைத் தோல். 'செந்நிறத் தடிப்பு' என்று எழுதியிருக்கும். என் வரிசையில் நிற்கும் கொழுந்துக்காரப் பெண்களின் தோலில் சிவப்பு எங்கே தெரியும்? வெயிலுக்குத் தோல் எப்படி நடந்துகொள்கிறது என்று ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் போட்ட வரிசையில் வெள்ளைத் தோலுக்கு மட்டுமே இடம். பழுப்பையும் கறுப்பையும் ஐந்து, ஆறு என்று பிற்பாடு ஒட்டவைத்தார்கள். நாமெல்லாம் பிற்சேர்க்கை.

ஆனால் நமக்கே நமக்கென்று ஒரு புற்றுநோய் உண்டு. 1945இல் பம்பாயில் கனோல்கரும் சூர்யாபாயும் எழுதினார்கள்: வேட்டியை வருடக் கணக்கில் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டும் இடுப்பில் தோல் கறுத்து, தடித்து, புண்ணாகி, கடைசியில் புற்றாகிறது. அதற்கு வேட்டிப் புற்று என்று பெயர். பிறகு சேலைப் புற்று என்ற பெயரும் வந்தது. மூணாறு பக்கம் கொழுந்து பறிக்கும் பெண்கள் பாவாடை நாடாவுக்கு மேல், இடுப்பில் சுற்றும் படங்கையும் கயிற்றால் இறுக்குவார்கள். இடுப்பைச் சுற்றிக் கறுப்புத் தடம் இல்லாதவரை நான் பார்த்ததே குறைவு. ஆறாத புண்ணோடு வந்த ஒரு பாட்டியிடம் நாடாவைத் தளர்த்திக் கட்டச் சொன்னேன். "தளர்த்திக் கட்டினா பாவாடை நிக்குமா தம்பி? நீ பொம்பளையா பொறந்திருந்தா தெரியும்" என்றார். அகலமான பட்டையாகத் தைத்துக்கொள்ளச் சொன்னதும்தான் சமாதானமானார். நல்லவேளை, அவருடையது வெறும் புண். 2024 கடைசியில் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பாவாடைப் புற்று என்று இரண்டு இந்தியப் பெண்களின் கதை வந்தது. உலகப் பத்திரிகைகள் நேற்றுப் பிறந்த நோய் போலத் தலைப்புப் போட்டன. 79 வருடம் அது நம் இடுப்பிலேயேதான் இருந்தது.

அந்தக் காலத்தில் வெயிலைப் பற்றி எங்களிடம் யாரும் கேட்டதில்லை. 2025 மார்ச்சில் பாலக்காட்டில் புறஊதாக் குறியீடு 11ஐத் தொட்டு சிவப்பு எச்சரிக்கை வந்தது. காலை பத்து முதல் மூன்று மணி வரை வெயிலில் அதிக நேரம் இருக்காதீர்கள் என்றது மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம். கள் இறக்குகிறவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர், கொழுந்து பறிக்கிறவர் தவிர மற்ற எல்லோரும் அதைக் கடைப்பிடித்தார்கள். நம் கறுப்பு அவர்களுக்கு ஓரளவு குடைதான். வெயிலால் வரும் புற்று நம்மிடம் குறைவு. ஆனால் லூபஸ் இருக்கிற பெண்ணுக்கு அந்த வெயில் மூட்டையும் சிறுநீரகத்தையும் சேர்த்துக் கிளப்பிவிடும். சன்ஸ்கிரீன் அவளுக்கு மருந்து. அதை வாங்குவதோ ஏசி அறையில் இருக்கிற என் மாணவிகளின் வாடிக்கையாளர்கள்.

கறுப்பு என்ற அந்தக் குடையைக் கழற்றத்தான் 1975இலிருந்து ட்யூப் ட்யூபாக ஒரு களிம்பை விற்கிறார்கள். 2020இல் அதன் பெயரிலிருந்து 'ஃபேர்' போனது, ஆசை போகவில்லை. பாலக்காட்டை ஒட்டிய மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை சிறுநீரகம் கெட்டு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு ஒரே அபூர்வ வகை. அதில் 13 பேர் வெளுக்கும் களிம்பு பூசியவர்கள், குற்றவாளி பாதரசம். காவல்படை இந்த முறை சிறுநீரகத்தின் மேல் பாய்ந்திருந்தது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆப்பரேஷன் சௌந்தர்யா' என்று சோதனை நடத்தியது. பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டு.

இத்தனைக்கும் நடுவே ஒரு விஷயம் அன்றும் இன்றும் மாறவில்லை. இந்தியர்களுக்கு மெலனோமா அபூர்வம். வந்தால் முகத்தில் வருவதைவிட உள்ளங்காலில், கால்நக அடியில் வருவதே அதிகம். வெயிலே படாத இடம். பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரலில் வந்தது, பந்து விளையாடிய அடி என்று முதலில் நினைத்தார்கள். 1981இல் 36 வயதில் போனார். நம் ஊரில் அதை முள் குத்தியது என்பார்கள், ஆணி என்பார்கள், சர்க்கரைப் புண் என்பார்கள். பிளேடால் செதுக்குவார்கள். என்னிடம் வரும்போது தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கும்.

ஐம்பது தாண்டியவர்கள் மாதம் ஒருமுறை குளித்துவிட்டு வந்து உட்கார்ந்து உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாக ஒரு கறுப்பு, ஓரம் கோணலாக, வளர்ந்துகொண்டே போனாலோ, மூன்று வாரத்தில் ஆறாத புண் இருந்தாலோ, செதுக்காதீர்கள், களிம்பு பூசாதீர்கள். செருப்பைக் கழற்றி ஒரு தோல் டாக்டரிடம் காட்டுங்கள். லேசர் டாக்டராக இருந்தாலும் பரவாயில்லை, படித்திருப்பார்.