கும்பினியும் கம்பெனியும்

கம்பெனி என்ற இங்கிலீஷ் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று அகராதியைப் புரட்ட வேண்டாம். தூத்துக்குடிக்காரர்கள் ஒவ்வொன்றையும் பட்டே தெரிந்துகொண்டார்கள்.

1542-ல் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருடைய இயேசு சபைக்குப் போர்ச்சுக்கீசிய மொழியில் 'இயேசுவின் கம்பெனி' என்றுதான் பெயர். அந்தக் கம்பெனி ஆன்மாவைக் கேட்டது. 1658-ல் போர்ச்சுக்கீசியரை விரட்டிவிட்டு வந்த டச்சுக் கம்பெனிக்கு ஆன்மா எல்லாம் இரண்டாம்பட்சம், முத்துதான் முக்கியம். அதன் முதலெழுத்துகள் வி.ஓ.சி. காசு, பீரங்கி என்று கண்டதிலெல்லாம் பொறித்துவைத்தார்கள். கடைசியில் கடனில் மூழ்கி 1799-ல் கதை முடிந்தது. 'லஞ்சத்தில் அழிந்தது' என்று அதே மூன்று எழுத்துக்கு டச்சுக்காரர்களே விரிவுரை எழுதிச் சிரித்தார்கள்.

அதே 1799, அக்டோபர் 16. கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது இங்கிலீஷ்காரரின் கும்பினி. வியாபாரம் செய்ய வந்தவனுக்குத் தூக்குக்கயிறு எதற்கு என்று நம் ஆட்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்டவர்களுக்கும் அதே கயிறுதான்.

பிறகு 1906, மறுபடியும் அக்டோபர் 16. ஓட்டப்பிடாரம் வக்கீல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய். தலைவர் பாண்டித்துரைத் தேவர். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் கொழும்புக்கு ஓடின. வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி பதறிப்போய்க் கட்டணத்தைக் குறைத்தது. அப்படியும் கூட்டம் வராததால், இலவசமாக ஏறுங்கள், குடையும் தருகிறோம் என்று கூவியதாம். தேர்தல் நேரத்து இலவசங்களுக்கு இவர்கள்தான் பாட்டன் போலிருக்கிறது.

குடைக்கு மசியாத ஆளைச் சிறையில் போட்டார்கள். 1908-ல் பின்ஹே என்ற நீதிபதி நாற்பது வருஷத் தண்டனை கொடுத்தார், அப்பீலில் குறைந்தது. கப்பல் ஓட்டியவர் கோவைச் சிறையில் செக்கு இழுத்தார். 1911-ல் கம்பெனி கலைந்தது. சந்தையில் ஜெயிக்க முடியாதவன் போலீஸைக் கூப்பிடுவதற்குப் பெயர் 'சுதந்திர வாணிபம்'.

நாடகக் கம்பெனி என்றால் அதற்கும் இந்தப் பக்கத்து ஆள்தான் தலைமை வாத்தியார்: தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். நாடகம் என்று சொல்லிவிட்டு நாடகம் நடத்திய ஒரே கம்பெனி.

2011-ல் துறைமுகத்துக்கு வ.உ. சிதம்பரனார் பெயரை வைத்தார்கள். இங்கிலீஷில் அதுவும் வி.ஓ.சி.தான். டச்சுக்காரர் யாராவது பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு 'எங்களுடையது' என்று வந்தால், 25 ரூபாய்ப் பங்குப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.